புதுப்பிப்பு: கடன் வசூல் பணம் எங்கே போனது?

மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்கள் மளிகைக் கடையில் கடன் வசூல் குறைகிறது, வேலை செய்யும் பையன் மேல் சந்தேகம் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது தெரிந்துவிட்டது. தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் தன் 555 புத்தகத்தை (கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு) கொண்டுவந்தார். எண்ணெய்க் கறை படிந்த பக்கத்தில் 85 ரிங்கிட் கடன் கட்டியாச்சு என்று கோடு போட்டு அடிக்கப்பட்டு, ஓரத்தில் அந்தப் பையன் கையெழுத்து. எங்கள் பேரேட்டிலோ அதே கடன் அப்படியே நிற்கிறது. சம்பள நாளில் வியர்வை சிந்திக் கட்டிய காசு! எனக்கு வயிறு எரிந்தது.

“அன்றைக்கே விரட்டு” என்று பலர் சொன்னீர்கள். அப்படிச் செய்ய முடியாது. 1955 வேலைச் சட்டம் 14ஆம் பிரிவுப்படி விசாரித்த பிறகே நீக்கலாம். விசாரணைக்காக, பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து, இரண்டு வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவுத் துறையில் முறையிடவும் வழி உண்டு. அதனால் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தேன். அப்புறம் உட்கார வைத்து, மற்ற அக்காமாரின் 555 புத்தகங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டியதும், “தப்புதாண்ணே” என்றான். எழுதி வாங்கிக்கொண்டு நீக்கிவிட்டேன்.

அந்த அக்காமாரிடம் ஒரு சென்கூடத் திரும்பக் கேட்க மாட்டேன். அவர்கள் கட்டிவிட்டார்கள். நட்டம் கடையோடு. இனி வசூலுக்கு ரசீது கட்டாயம்.