மருத்துவப் பணியாளர்களுக்கான இணையவழிப் பயிற்சி: எது உதவியது, எது உதவவில்லை? (அனுபவப் பகிர்வு)

செவிலியர் பயிற்றுநர், பிரசவப் பிரிவு

அனைவருக்கும் வணக்கம். கைப்பேசிச் செயலி, காணொளி வகுப்பு, உணரி (சென்சார்) பொருத்திய பயிற்சிப் பொம்மை என்று நமக்கு வரும் பயிற்சிகள் பெருகிவிட்டன. இவற்றில் எவை நோயாளியின் கட்டில் வரைக்கும் போய்ச் சேர்ந்தன என்பதை அவரவர் கண்டபடி இங்கே எழுதுமாறு வேண்டுகிறேன். பிறந்த குழந்தைக்கு மூச்சு வரவைக்கும் பயிற்சியைப் பற்றி நான் முதலில் எழுதுகிறேன்.

பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சை எடுக்க ஏதேனும் ஓர் உதவி தேவைப்படுகிறது. ஈரம் போகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே பெரும்பாலான குழந்தைகள் அழுதுவிடும். அதற்கும் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் ஆம்பு பேக் (முகமூடியோடு கையால் அமுக்கிக் காற்று செலுத்தும் பை) வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். நம் நாட்டில் 2009-இல் தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா காரியக்ரம் பயிற்சியும், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010-இல் கொண்டுவந்த ஹெல்ப்பிங் பேபீஸ் ப்ரீத் பயிற்சியும் இந்தத் தொடக்க நிமிடத்தைப் பற்றியவைதாம்.

இதற்கான காணொளிகளை எங்கள் செவிலியர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கேள்வி கேட்டால் வரிசை பிசகாமல் பதில் சொல்வார்கள். ஆனால் பொம்மையின் முன்னால் நிறுத்தினால் விரல்கள் வேறு கதை சொல்கின்றன. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை வளையமாக அழுத்திப் பிடிக்க, மற்ற விரல்கள் தாடை எலும்பைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். பலருக்கும் அந்த மூன்று விரல்களும் எலும்பை விட்டு நழுவி, தாடைக்குக் கீழே இருக்கும் மென்தசையில் அழுந்திவிடுகின்றன. அப்போது நாக்கு பின்னால் தள்ளப்படுவதால் பேக்கை எவ்வளவு அமுக்கினாலும் நெஞ்சு எழும்புவதில்லை. சாதாரணப் பொம்மையில் பயிற்றுநர் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இது தெரியும். உணரி பொருத்திய பொம்மையோ, முகமூடியின் ஓரத்தில் காற்று கசிவதையும், நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை என்ற வேகம் தவறுவதையும் அந்தக் கணமே திரையில் காட்டிவிடுகிறது. யாரும் அதட்டாமல், திரையைப் பார்த்துத் தாமாகவே விரலை நகர்த்திச் சரிசெய்துகொள்ளும் செவிலியர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரிது.

டென்மார்க்கின் மெட்டர்னிட்டி ஃபவுண்டேஷன் உருவாக்கிய, பிரசவப் பராமரிப்பைக் கற்றுத்தரும் சேஃப் டெலிவரி செயலியை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள்; ஒருமுறை பதிவிறக்கிவிட்டால் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் ஓடும். எத்தியோப்பியாவில் அதைப் பயன்படுத்தி நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. பணியாளர்களின் அறிவும் கைத்திறனும் ஓராண்டுக்குப் பிறகும் உயர்ந்தே இருந்தன என்று அது காட்டியது. குழந்தை இறப்பிலும் குறைவு தென்பட்டது என்றாலும், அது செயலியால் வந்ததுதான் என்று சொல்லுமளவுக்கு எண்ணிக்கை போதவில்லை. இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவ அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையம்

சகோதரி எழுதியது கைவேலையைப் பற்றியது. என் அனுபவம், எதை எப்போது செய்வது என்று முடிவெடுக்கும் திறனைப் பற்றியது.

எங்கள் பகுதியில் மதுப்பழக்கத்தால் வருவோர் அதிகம். பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்றவை நடத்தும் எக்கோ முறை வகுப்புகளில் நான் கலந்துகொண்டு வருகிறேன். இம்முறையை 2003-இல் தொடங்கியவர் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சஞ்சீவ் அரோரா. ஹெப்படைட்டிஸ் சி என்னும் கல்லீரல் வைரஸ் நோயாளிகள் அவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருந்ததால், அவரவர் ஊர் மருத்துவர்களை வாரந்தோறும் காணொளியில் கூட்டி, அவர்களுடைய கேஸ்களையே பாடமாக வைத்து அவர் பயிற்சி கொடுத்தார். 2011-இல் வெளியான ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் 57.5 விழுக்காட்டினரும், ஊர்ப்புற மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் 58.2 விழுக்காட்டினரும் வைரஸ் நீங்கிக் குணமடைந்திருந்தனர். நிபுணர் இருக்கும் இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒரே பலன் கிடைத்திருக்கிறது என்பதைப் படித்தபோதுதான் எனக்கு இம்முறையின் மீது உண்மையான மதிப்பு வந்தது.

வகுப்பில் நாம் ஒரு கேஸை முன்வைக்க வேண்டும். பெயரோ ஊரோ சொல்லக்கூடாது. குடியை நிறுத்தியதும் கைநடுக்கமும் தூக்கமின்மையுமாக வந்த ஒருவரைப் பற்றி நான் சொன்னபோது, நெறியாளர் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு வரிசையாகச் சில கேள்விகள் கேட்டார். கடைசியாகக் குடித்தது எந்த நேரம்? முன்பு எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? சாப்பாடு எப்படி? மஞ்சள் காமாலை உண்டா? வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் வரும் என்பதும், குழப்பமும் பிதற்றலும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாட்கள் கழித்தும் தொடங்கக்கூடும் என்பதும், சத்துக்குறைவோடு வருபவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும் என்பதும் எம்பிபிஎஸ் படிக்கும்போதே எல்லோரும் படித்தவைதாம். ஆனால் என் நிலையத்தில் படுத்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விகளுக்கு நேரத்தையும் அளவையும் பதிலாகச் சொல்லிப் பழகும்போதுதான் அந்தப் படிப்பு கைக்கு வருகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெறியாளர் அந்த நோயாளியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த அறிகுறி தெரிந்தால் உடனே மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுத்துக் கொடுத்துவிட்டு, முடிவை என்னிடமே விட்டார். அடுத்த வாரம் அந்த நோயாளியைப் பற்றி நான் சொன்னதைத் தொலைவிலிருந்த மற்ற மருத்துவர்களும் கேட்டுத் தங்கள் கேஸ்களோடு ஒப்பிட்டுப் பேசினார்கள்.

கேஸ் எதுவும் முன்வைக்காமல் கேமராவை அணைத்துவிட்டு இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது வானொலி கேட்பதைப் போலத்தான் கழியும்.

கண் மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர்

டாக்டர் ஐயா சொன்னதை முழுமனத்துடன் ஏற்கிறேன். அறுவை சிகிச்சைப் பயிற்சியைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

நம் நாட்டில் பரவலாகச் செய்யப்படும் தையலில்லாக் கண்புரை அறுவை சிகிச்சையில், வெண்விழியில் ஒரு சிறு சுரங்கம் போல வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆழம் குறைந்தால் மேற்புறம் ஓட்டையாகிவிடும். ஆழம் கூடினால் உரிய இடத்துக்கு முன்பே கண்ணுக்குள் கத்தி நுழைந்துவிடும். இந்த ஆழத்தை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. சிமுலேட்டரில் (அறுவை சிகிச்சையைப் போலவே செய்து பழகும் கணினிக் கருவி) கருவி கையை எதிர்த்துத் தள்ளும் உணர்வு வருவதால், எந்த இடத்தில் தவறுகிறோம் என்று கைக்குப் புலப்படுகிறது. அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்க யாருடைய கண்ணும் பணயமாக வேண்டியதில்லை. பிரிட்டனில் கண்புரைச் சிமுலேட்டர்கள் பரவலான காலத்தில், முதலிரண்டு ஆண்டுப் பயிற்சி மருத்துவர்களின் கையில் லென்ஸின் பின்னுறை கிழியும் விகிதம் 2009-இல் 4.2 விழுக்காடாக இருந்து 2015-இல் 2.6 விழுக்காடாகக் குறைந்தது என்று அங்குள்ள தேசியத் தரவுகள் காட்டின. அந்த வேறுபாட்டுக்குள் எத்தனை பேருடைய பார்வை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆயினும் சிமுலேட்டரில் நோயாளி இருமுவதில்லை, கண்ணை இறுக்குவதில்லை. அதற்கு ஆசிரியர் அருகில் நின்றே ஆக வேண்டும்.

கிராம சுகாதார செவிலியர்

எல்லோரும் நல்லவற்றை எழுதியிருக்கிறீர்கள். களத்தில் நடப்பதையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பயிற்சி என்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் ஓர் இணைப்பு. இன்று மாலைக்குள் சான்றிதழைப் பதிவேற்ற வேண்டும் என்ற குறிப்பு கூடவே வரும். அது புதன்கிழமையாக இருந்தால் தடுப்பூசி போடும் நாள். தாய்மார்கள் வரிசையில் உட்கார்ந்திருக்க, மேசை ஓரத்தில் கைப்பேசி தானாக ஓடிக்கொண்டிருக்கும். பாடம் ஆங்கிலத்தில் இருக்கும். கேள்விகளும் ஆங்கிலத்தில் இருக்கும். நெட்வொர்க் நடுவில் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண்கூட இருக்காது. படிப்பதில் எங்களுக்கு ஆர்வமில்லை என்று இதைப் பார்த்து யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை எங்கள் பகுதி சுகாதார செவிலியர் அக்கா, ரத்த அழுத்தம் கூடிய கர்ப்பிணிக்கு வரும் அபாய அறிகுறிகளைப் பற்றித் தமிழில் இருந்த ஒரு சிறு காணொளியை மாதக்கூட்டத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் பகுதியில் இருக்கும் ஒரு தாயைப் பற்றிச் சொல்லச் சொன்னார். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகிய மூன்றையும் அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டுப் பார்வையிலும் கேட்டு வருகிறேன்.

செவிலியர் பயிற்றுநர், பிரசவப் பிரிவு

அக்கா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. உங்கள் பக்கம் நிற்கும் வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பணியாளர்களுக்கான கைப்பேசிவழிக் கல்வி நேரடிப் பயிற்சிக்குத் துணையாக இருக்க வேண்டும், அதற்கு மாற்றாக ஆகிவிடக் கூடாது என்றே பரிந்துரைத்திருக்கிறது. பயிற்சிக்குரிய நேரத்தைப் பணிநேரத்திலேயே ஒதுக்கும்படியும் பாடத்தைத் தமிழில் தரும்படியும் கேட்டு மேலதிகாரிகளுக்கு எழுதும்போது இந்தப் பரிந்துரையைத் தயங்காமல் எடுத்துக்காட்டுங்கள்.

எங்கள் பிரசவ அறையில் பொம்மையைப் பயிற்சி மையத்தின் அலமாரியில் பூட்டி வைக்காமல், குழந்தைக்கு வெப்பம் தரும் வார்மருக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். ஷிஃப்ட் மாறும்போது வருபவரும் போகிறவரும் ஆளுக்குச் சில நிமிடங்கள் அதில் காற்று கொடுத்துப் பார்த்துவிட்டு, பேக்கும் முகமூடியும் வேலை செய்கின்றனவா என்பதையும் சோதித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள். உங்கள் மாதக்கூட்டத்துக்கு அந்தப் பொம்மை தேவைப்பட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள்; நானும் உடன் வருகிறேன்.