லேக் பிளாசிட் 1980: 39 ஷாட் அடித்த சோவியத் அணி எப்படித் தோற்றது?

கடைசிநொடி கேட்டது:

வணக்கம். 1980 பிப்ரவரி 22, லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக், ஐஸ் ஹாக்கி. அமெரிக்கா 4, சோவியத் யூனியன் 3. இதைப் பற்றி எங்கே படித்தாலும் "அதிசயம்" என்ற சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். ஆட்டத்துக்குள்ளே என்ன நடந்தது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

13 நாள் முன்னால், பிப்ரவரி 9 அன்று, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இதே சோவியத் அணி இதே அமெரிக்க அணியை 10-3 என்று நொறுக்கியது. 1964 முதல் 1976 வரை நான்கு ஒலிம்பிக் தங்கமும் சோவியத்துக்கே. எதிரே பெரும்பாலும் கல்லூரி ஆட்டக்காரர்கள். ஒலிம்பிக்கில் முன்பு ஆடியவர் அந்த 20 பேரில் பஸ் ஷ்னைடர் ஒருவர்தான். கோலை நோக்கி அடித்த ஷாட் கணக்கும் சோவியத்துக்கு 39, அமெரிக்காவுக்கு 16.

எனக்குத் தெரிய வேண்டியவை: அமெரிக்க கோல்கீப்பர் ஜிம் கிரெய்க் ஒருவரே காப்பாற்றிய ஆட்டமா இது? சோவியத் கோல்கீப்பர் திரெத்யாக்கை வெளியே எடுத்ததுதான் தோல்விக்குக் காரணமா? கடைசியில் சோவியத் ஏன் கோல்கீப்பரை எடுத்துவிட்டு ஆறாவது ஆட்டக்காரரை இறக்கவில்லை? இது இறுதிப்போட்டியா, இல்லையா?

---

நீலக்கோடு பதில்:

இறுதிப்போட்டி இல்லை. அந்த ஒலிம்பிக்கில் இறுதிப்போட்டி என்று ஒன்று வைக்கவே இல்லை. 12 அணிகள், இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம் பிடித்தவை பதக்கச் சுற்றுக்கு வரும். தங்களுக்குள் ஏற்கனவே ஆடிய ஆட்டத்தின் புள்ளியையும் கையோடு கொண்டுவரும். அதனால் அமெரிக்கா 1 புள்ளியோடு வந்தது (ஸ்வீடனோடு 2-2), சோவியத் 2 புள்ளியோடு வந்தது (பின்லாந்தை 4-2 என்று வென்றதற்கு). வெற்றிக்கு 2, சமனுக்கு 1. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பத்து நிமிடத்தை எடைபோட இது தேவைப்படும்.

திரெத்யாக் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டம் 20 நிமிடப் பீரியட் மூன்று. முதல் பீரியட் 9:12-ல் சோவியத்தின் க்ருதோவ், 14:03-ல் அமெரிக்காவின் ஷ்னைடர், 17:34-ல் சோவியத்தின் மகாரோவ் கோல் அடித்தார்கள். சோவியத் 2-1 முன்னிலை. பீரியட் முடிய இன்னும் சில நொடிகளே இருக்கும்போது அமெரிக்காவின் டேவ் கிறிஸ்டியன் ஏறக்குறைய 30 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு ஸ்லாப் ஷாட் (ஸ்டிக்கை ஓங்கி அடிக்கும் வேகமான ஷாட்) அடிக்கிறார். அவ்வளவு தூரத்து ஷாட்டில் கோல்கீப்பர் செய்யத்தக்கவை இரண்டே: உடம்போடு அணைத்துப் பிடித்து விசில் வாங்குவது, அல்லது பக்கவாட்டு மூலைக்குத் தட்டிவிடுவது. திரெத்யாக் தடுத்தார், ஆனால் பக் (ஆடும் ரப்பர் வட்டு) அவருக்கு நேர் முன்னால் 6 மீட்டர் தள்ளிப் போய் விழுந்தது. பீரியட் முடிந்தது என்ற நினைப்பில் தடுப்பாட்டக்காரர்கள் இருவரும் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். அமெரிக்காவின் மார்க் ஜான்சன் குறைக்கவில்லை. இருவருக்கும் நடுவே புகுந்து பக்கை எடுத்து உள்ளே அனுப்பினார். கடிகாரத்தில் 19:59.

இங்கே பிழை இரண்டு. ஒன்று கோல்கீப்பருடையது, இன்னொன்று தடுப்பு வரிசையுடையது. பயிற்சியாளர் திகோனோவ் தண்டித்தது ஒருவரை மட்டும். இரண்டாம் பீரியடில் கோலுக்கு முன்னால் நின்றவர் மாற்று கோல்கீப்பர் மிஷ்கின். அந்த முடிவைத் தன் வாழ்க்கையின் மிகப்பெரிய தவறு என்று திகோனோவே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

---

எட்டுக்குஇரண்டு பதில்:

நீலக்கோடு சொன்னதில் ஒரு திருத்தம் போட விரும்புகிறேன். திகோனோவ் தவறு என்று சொன்னதாலேயே அது தோல்விக்குக் காரணம் ஆகிவிடாது. பீரியட் வாரியாக ஷாட் கணக்கைப் பாருங்கள்: முதலாவதில் 18-8, இரண்டாவதில் 12-2, மூன்றாவதில் 9-6. அதாவது திரெத்யாக் 8 ஷாட்டைச் சந்தித்து 2 கோல் விட்டார். மிஷ்கினும் மீதி இரண்டு பீரியடில் அதே 8 ஷாட், அதே 2 கோல். எண்ணிக்கையில் இருவரும் ஒன்றுதான்.

மிஷ்கின் ஏதோ தேறாத மாற்று ஆளும் இல்லை. 1979 பிப்ரவரியில் என்எச்எல் (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) நட்சத்திர அணியை சோவியத் 6-0 என்று வென்ற ஆட்டத்தில் கோல் காத்தவர் அவர்தான். ஆகவே மாற்றத்தால் தரம் விழுந்தது என்று சொல்ல முடியாது. பாதிப்பு இருந்தது என்றால் அது மனதளவில்: உலகின் முதல்தர கோல்கீப்பரையே வெளியே உட்காரவைக்கிறார்கள் என்றால் நிலைமை சரியில்லை என்று சோவியத் பெஞ்சுக்கும் தெரியும், அமெரிக்க பெஞ்சுக்கும் தெரியும்.

உண்மையான நழுவல் இரண்டாம் பீரியடில். 2:18-ல் சோவியத்தின் மால்த்செவ் பவர் பிளேயில் (எதிரணி ஆள் ஒருவர் பெனால்டியில் வெளியே இருக்கும் நேரத்தில்) அடித்து 3-2 ஆக்கினார். மீதி 17 நிமிடம் 42 நொடியும் ஆட்டம் பெரும்பாலும் அமெரிக்காவின் கோல் பக்கமே நடந்தது, ஆனால் நான்காவது கோல் வரவில்லை. 20 நிமிடத்தில் எதிரியை 2 ஷாட்டுக்கு அடக்கி வைத்தும் ஒரே கோல் முன்னிலையில் அறைக்குத் திரும்புவதுதான் ஆபத்து. ஐஸ் ஹாக்கியில் ஒரு கோல் என்பது ஒரு பெனால்டி, ஒரு தெறிப்பு. அவ்வளவே.

அப்படியேதான் நடந்தது. மூன்றாம் பீரியட் 6:47-ல் க்ருதோவ் ஸ்டிக்கை உயர்த்தியதற்கு 2 நிமிடப் பெனால்டி. அமெரிக்காவின் டேவ் சில்க் சோவியத் எல்லைக்குள் பக்கைக் கொண்டுபோகும்போது தட்டி வீழ்த்தப்படுகிறார், பக் வழுக்கிக்கொண்டு ஜான்சனிடம் வருகிறது. 8:39, 3-3. பவர் பிளே முடிய 8 நொடிதான் மிச்சம்.

---

கடைசிநொடி:

நன்றி. ஷாட்டைப் பீரியட் வாரியாகப் பிரித்ததும் படம் தெளிவாகிறது. ஆனால் 10:00-க்கு அமெரிக்காவின் எருசியோனி நான்காவது கோல் அடித்த பிறகும் சரியாகப் பத்து நிமிடம் இருக்கிறதே. அவ்வளவு வலிமையான அணி அதற்குள் ஒரு கோல் கூட அடிக்க முடியாமல் போனது எப்படி?

---

நாலாவதுலைன் பதில்:

முதலில் அந்த நான்காவது கோலையே கவனியுங்கள், விடை அதற்குள்ளேயே இருக்கிறது. எருசியோனி அப்போதுதான் பெஞ்சிலிருந்து இறங்கியவர். கால் களைக்காத ஆள். மார்க் பாவெலிச் பக்கை அனுப்பும்போது கோலுக்கு நேரே, கொஞ்சம் தள்ளி, அவரை ஒட்டி யாருமே இல்லை. சோவியத் தடுப்பாட்டக்காரர் பெர்வூகின் இடையில் வந்து நின்றதால் மிஷ்கினுக்குப் பக் புறப்பட்டதே தெரியவில்லை. ஆட்டக்காரர் மாறும் தருணத்தில் யார் யாரைப் பிடிப்பது என்ற குழப்பம், அதோடு பார்வை மறைப்பு. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த கோல்கீப்பராலும் தடுக்க முடியாது.

அதன்பின் அமெரிக்கப் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் செய்தது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தெரிகிறது. முன்னிலை கிடைத்ததும் சிறிய அணிகள் வழக்கமாகச் செய்யும் தவறு, ஐந்து பேரும் கோல் முன்னால் குவிந்து பக்கைக் கண்டபடி வெளியே அடிப்பது. அப்படிச் செய்தால் பக் திரும்பத் திரும்ப எதிரியிடமே போய்ச் சேரும், பெஞ்சுக்குப் போய் ஆள் மாற்ற நேரம் கிடைக்காது, களைத்த கால்களோடு அதே ஐவர் மாட்டிக்கொள்வார்கள். புரூக்ஸ் "உங்கள் ஆட்டத்தை ஆடுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஷிப்டை (ஒருவர் ஒருமுறை இறங்கி ஆடும் நேரத்தை) குறுக்கினார், நான்கு லைனையும் (ஒன்றாக இறங்கும் தாக்குதல் குழு) சுற்றிச் சுற்றி இறக்கினார்.

இதற்கு மூச்சு வேண்டும். அது ஐந்து மாத உழைப்பில் வந்தது. 1979 செப்டம்பரில் நார்வேயோடு 3-3 சமன் ஆனதும், ஆட்டம் முடிந்த அதே தளத்தில் அணியை ஓடவிட்டார். கோல் கோட்டிலிருந்து அருகிலுள்ள நீலக்கோடு (தளத்தை மூன்றாகப் பிரிக்கும் இரண்டு கோடுகளில் ஒன்று) வரை போய்த் திரும்புவது, நடுக்கோடு வரை போய்த் திரும்புவது, தூர நீலக்கோடு வரை போய்த் திரும்புவது, எதிர்க் கோல் கோடு வரை போய்த் திரும்புவது. இது ஒரு சுற்று. விளக்கை அணைத்த பிறகும் நிறுத்தவில்லை. இந்தப் பயிற்சிக்கு இன்றும் 'ஹெர்பி' என்றே பெயர். ஒலிம்பிக்குக்கு முன் 61 ஆட்டங்கள் வேறு.

பலன் எங்கே தெரிகிறது என்றால், ஏழு ஆட்டத்தில் ஆறில் அமெரிக்கா முதலில் பின்தங்கியது, ஒன்றில்கூடத் தோற்கவில்லை. கடைசி இரண்டு ஆட்டங்களின் மூன்றாம் பீரியடை மட்டும் கூட்டினால் 5-0.

சோவியத் பக்கம்: எருசியோனியின் கோலுக்குச் சற்றுப் பிறகு மால்த்செவ் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதிர்ஷ்டம் என்று சொல்வதானால் அந்த ஒன்றைச் சொல்லலாம். ஆனால் நேரம் போகப் போக அவர்களுடைய பாஸ் ஆட்டம் காணாமல் போனது, தூரத்திலிருந்து அவசர அவசரமாக அடிக்கத் தொடங்கினார்கள். அப்படி வரும் ஷாட்டை முழுதாகப் பார்க்க முடிகிற கோல்கீப்பருக்குத் தடுப்பது எளிது. பதற்றமாகத்தான் இருந்தது என்று சோவியத் ஆட்டக்காரர் ஸ்டாரிகோவ் பின்னாளில் ஒத்துக்கொண்டிருக்கிறார்.

கோல்கீப்பரை எடுக்காததற்கும் அதே வேர். ஆறு பேர் தாக்குதல் என்பது நினைத்தவுடன் செய்யக்கூடியது இல்லை. கோல் முன்னால் மறைத்து நிற்பவர் யார், நீலக்கோட்டைக் காப்பவர் யார், பக் கைமாறினால் முதலில் திரும்பி ஓடுபவர் யார், கோல்கீப்பர் எப்போது பெஞ்சுக்குக் கிளம்புவது எல்லாம் பழகியிருக்க வேண்டும். பெரும்பாலும் முன்னிலையிலேயே இருந்த அணிக்கு அதைப் பழகும் வழக்கமே இல்லை.

---

எட்டுக்குஇரண்டு:

இதில் ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் சோவியத் வெல்ல வேண்டிய அவசியமே இல்லை. 4-4 என்று முடிந்திருந்தால் போதும். சோவியத் 3, அமெரிக்கா 2 என்று கடைசி நாளுக்குப் போயிருக்கும். பிப்ரவரி 24 அன்று சோவியத் ஸ்வீடனை 9-2 என்று வென்றது, அமெரிக்கா பின்லாந்தை 4-2 என்று வென்றது. அப்படியானால் 5-4, தங்கம் மாஸ்கோவுக்கு. ஒரே ஒரு கோல்! அதற்காகக் காலிக் கோலைப் பணயம் வைப்பது முழுக்க நியாயமான முடிவாக இருந்திருக்கும்.

---

நீலக்கோடு:

அருமையான கணக்கு. திருத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன்.

கிரெய்க் ஒருவரால் மட்டுமா என்ற கேள்விக்கு, வேறு இரண்டு ஆட்டத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். 2002 சால்ட் லேக் சிட்டி காலிறுதியில் பெலாரஸ் ஸ்வீடனை 4-3 என்று வென்றதே, அது கோல்கீப்பர் ஆட்டம். பெலாரஸ் அதற்கு முந்தைய சுற்றில் மூன்று ஆட்டத்திலும் தோற்றது, ஸ்வீடன் மூன்றிலும் வென்றது. எட்டு அணியும் காலிறுதிக்குப் போகும் அமைப்பு என்பதால்தான் இருவரும் சந்தித்தார்கள். பெலாரஸ் கோல்கீப்பர் மெசின் அத்தனை ஷாட்டையும் தாங்கி நின்றார். பெலாரஸின் விளாதிமிர் கோபாத் நீலக்கோட்டுக்கு வெளியிலிருந்து அடித்த பக், ஸ்வீடன் கோல்கீப்பர் டாமி சாலோவின் முகக்கவசத்தில் பட்டு மேலெழும்பி அவர் முதுகுக்குப் பின்னால் விழுந்து உள்ளே போனது. அரையிறுதியில் கனடா 7-1 என்று முடித்துவிட்டது.

இன்னொன்று 1976 ஏப்ரல் 8, போலந்தின் கத்தோவிட்சேயில் உலகச் சாம்பியன்ஷிப்: போலந்து 6, சோவியத் 4. சில வாரங்கள் முன்பு இன்ஸ்ப்ரூக் ஒலிம்பிக்கில் இதே போலந்து சோவியத்திடம் 16-1 என்று தோற்றிருந்தது. போலந்தின் யோப்சிக் மூன்று கோல் அடித்தார். இருந்தும் அதே தொடரின் முடிவில் போலந்து கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது.

இரண்டும் ஒரு நாள் வெற்றிகள். லேக் பிளாசிட் அணி செக்கோஸ்லோவாக்கியாவை 7-3 என்று வென்று வந்தது. கிரெய்க் 36 ஷாட் தடுத்தார், அது இல்லாமல் எதுவும் இல்லை. ஆனால் எதிரியின் கோலில் பக் நாலு முறை போக வேண்டியிருந்தது. அதை அவர் செய்யவில்லை.

---

கடைசிநொடி:

புள்ளிக் கணக்கைப் பார்த்த பிறகு இன்னொன்று தோன்றுகிறது. பிப்ரவரி 12, முதல் ஆட்டம், ஸ்வீடனிடம் 2-1 என்று பின்தங்கியிருந்தபோது அமெரிக்காவின் பில் பேக்கர் அடித்த கோல். அது இல்லையென்றால்?

---

எட்டுக்குஇரண்டு:

அமெரிக்கா பதக்கச் சுற்றுக்கு எப்படியும் வந்திருக்கும், ஆனால் கையில் 1 புள்ளிக்குப் பதில் பூஜ்யம். சோவியத்தை வென்று, பின்லாந்தையும் வென்ற பிறகும் மொத்தம் 4. சோவியத்துக்கும் 4. தனியாக முதலிடம் என்பது கிடைத்திருக்காது. பேக்கர் அந்த கோலை அடித்தபோது கடிகாரத்தில் 27 நொடி இருந்தது.