கத்தகானா: 'ஷி', 'ட்சு' குழப்பம் தீர என்ன வழி?

கேள்வி:
ஜப்பானிய மொழியின் எழுத்துவகைகளில் ஹிரகானாவை முடித்துவிட்டு, மற்றொரு வகையான கத்தகானாவின் 46 அடிப்படை எழுத்துகளைப் பயின்று வருகிறேன். மற்றவை ஓரளவு மனத்தில் நின்றாலும், 'ஷி'யையும் 'ட்சு'வையும் ஒவ்வொரு முறையும் மாற்றியே வாசித்துவிடுகிறேன். இதற்கு என்ன வழி?

மறுமொழி 1:
கண்ணால் மட்டும் பார்த்துப் பிரிக்க முயலாமல், கையால் எழுதிப் பழகுங்கள். 'ஷி'யில் சிறு கோடுகள் இரண்டும் இடப்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்க, நீண்ட கோடு கீழிருந்து மேலே ஏறும்; 'ட்சு'வில் அவை மேற்புறம் பக்கம்பக்கமாக அமைய, நீண்ட கோடு மேலிருந்து கீழே இறங்கும். இதேபோல் ஒன்றையொன்று ஒத்திருக்கும் 'ன்', 'ஸோ' எழுத்துகளிலும் 'ன்'னின் நீண்ட கோடு ஏறும், 'ஸோ'வினுடையது இறங்கும்.

மறுமொழி 2:
சட்டையைக் குறிக்கும் 'ஷாட்சு' என்ற சொல்லைத் தினமும் எழுதுங்கள். 'ஷி', சிறிய 'யா', 'ட்சு' என மூன்று எழுத்துகளால் ஆன அச்சொல்லில் இரண்டும் அருகருகே வருவதால், வேறுபாடு எனக்கு அங்கேதான் தெளிவாகப் புலப்பட்டது.

கேள்வி கேட்டவர்:
எழுதிப் பார்த்தேன், 'ட்சு'வின் நீண்ட கோட்டை இத்தனை நாளும் கீழிருந்தே இழுத்திருக்கிறேன். மிக்க நன்றி.