கெட்டிமேளத்துக்கு விரல் காட்டுவது யார்? கல்யாணப் பாட்டு அனுபவங்கள்

தண்டையார்பேட்டை அக்கா:
போன தை மாதம் தங்கச்சிக்குக் கல்யாணம். திருவொற்றியூர் பக்கம் மண்டபம். பாட்டுக்கு ஆள் பிடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. தம்பிக்குச் செண்டை மேளம் வேண்டும். அப்பாவோ, நாயனம் இல்லாமல் என்ன கல்யாணம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டுக்கும் காசு இடம் கொடுக்கவில்லை. முந்தின நாள் ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக், முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் தவில் என்று முடிவானது.

நாதஸ்வரக்காரர் அட்வான்ஸ் வாங்கும்போதே கேட்டார்: "தாலி கட்டறப்போ எங்களுக்கு விரல் காட்டறது யாருங்க?" எனக்கு விளங்கவில்லை. ஐயர் "கெட்டிமேளம்" என்று குரல் கொடுப்பாரே என்றேன். "மேடைக்கு முன்னாடி போட்டோக்காரங்க, வீடியோக்காரங்க, அவங்களுக்குப் பின்னாடி செல்போனோட சொந்தக்காரங்க. எங்களுக்கு ஐயர் குரலும் கேக்காது, தலையும் தெரியாது" என்றார். தும்மலோ அபசகுனப் பேச்சோ காதில் விழக்கூடாது என்றுதானே அந்த நேரத்தில் தவிலைக் கொட்டுகிறார்கள்? அரை நிமிடம் தவறினால் என்ன பிரயோஜனம்! உயரமான சித்தப்பா ஒருவரை மேடை ஓரம் ஸ்டூல் போட்டு நிறுத்தினோம். அவர் கையைத் தூக்கியதும் தவில் அதிர்ந்தது பாருங்கள், பின்வரிசையில் தூங்கின குழந்தை எழுந்து அழுதது.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தியாகராஜ சுவாமிகள் திருவொற்றியூருக்கு வந்தபோது திரிபுரசுந்தரி மேல், அதாவது நம் வடிவுடையம்மன் மேல், ஐந்து கீர்த்தனை பாடினார். அதில் கல்யாணியில் ஒன்று உண்டு. அதை வாசிக்க முடியுமா என்றார். நாயனக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பல்லாம் யாருங்க இதைக் கேக்கறாங்க, சினிமாப் பாட்டு லிஸ்ட்தான் வாட்ஸ்அப்ல வரும்" என்று சொல்லி, காலையில் கால் மணி நேரம் வாசித்தார். பாதிப் பேர் டிபனில் இருந்தார்கள். அப்பா மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

சொதப்பியது ரிசப்ஷனில். ஒரு ஸ்பீக்கர் நேராகப் பந்தியைப் பார்த்து நின்றது. பெரியம்மா "ரசம் போதும்" என்று கத்தக் கத்த, பரிமாறின பையன் தலையாட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றினான். கச்சேரிக்கு ஆள் பார்ப்பவர்கள் முதல் நாளே மண்டபத்துக்குப் போய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று பார்த்துவிடுங்கள்.

ராயபுரம்காரன்:
எங்களுடையது கோயில் கல்யாணம், கத்தோலிக்க முறை. என் வீட்டுக்காரிக்கு உள்ளே நுழையும்போது ஒரு சினிமா மெட்டு வாசிக்க ஆசை. திருப்பலியில், அதாவது கோயில் பூசையில், அதெல்லாம் கிடையாது என்று பாடகர் குழு மாஸ்டர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். வருகைப் பாடல் தொடங்கி நன்றிப் பாடல் வரை அவரே உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தார். ஆசையை வாசலில் பேண்டு வாத்தியத்தில் தீர்த்துக்கொண்டோம். கிளாரினெட்காரர் அதே மெட்டை மூன்று தடவை வாசித்தார்.

இன்னொன்று. ரிசப்ஷன் மண்டபத்தில் 'பாட்டு உரிமைக் கட்டணம்' என்று பில்லில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய மற்ற விசேஷங்களுக்கும் பாட்டுப் போடுவதற்கு விலக்கு இருக்கிறது. மத்திய அரசும் 2023 ஜூலையில் அறிவிப்பு போட்டது. போனில் எடுத்துக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, ஒன்றும் பேசாமல் அந்த வரியை அடித்தார்.

வியாசை தம்பி:
அண்ணன் கல்யாணம் தெருவிலேயே பந்தல் போட்டு நடந்தது. சாயந்தரம் கானா பாட்டு வைக்கலாம் என்றதும் அத்தை கோபத்தில் ஆடிவிட்டார். "சாவு வீட்ல பாடறதை கல்யாணத்துல கொண்டாந்து வெப்பியாடா?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எங்கள் பக்கம் துக்க வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா பாடுவார்கள். ஆனால் அதே ஆட்கள் கல்யாணத்துக்கும் கட்டிப் பாடுவார்கள் என்பது அத்தைக்கு மறந்துபோச்சு.

பாட வந்த அண்ணன் முதலில் டீ குடித்துக்கொண்டே விசாரித்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பொண்ணு எந்தத் தெரு, வீட்டில் கோவக்காரர் யார்? எல்லாம் செல்போனில் ஏறியது. நாலாவது பாட்டில் அத்தை பேரும், அவர் வைக்கிற வஞ்சிரக் குழம்பும் வந்தன. அத்தை எழுந்துபோய் நூறு ரூபாய் நோட்டை அவர் சட்டையில் குத்திவிட்டு வந்தார்.

திறந்த இடத்தில் வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. ஆறரைக்கே ஆரம்பித்ததால் தப்பித்தோம். பத்துக்கு மேல் மைக் இல்லாமல் வெறும் டோலக்தான், அதுதான் இன்னும் நன்றாக இருந்தது.

தண்டையார்பேட்டை அக்கா:
வியாசை தம்பி, அந்தக் கானாக்காரர் ஆவணியில் சும்மா இருப்பாரா, கேட்டுச் சொல்லுங்கள். என் தம்பிக்கும் பெண் பார்த்தாச்சு. செண்டையை இன்னும் விடமாட்டேன் என்கிறான்.