இட்ஸ் பேட் படத்துக்கு தமிழ் சப்டைட்டில்: அவனா, அவளா, அவங்களா?

முத்து_சப்ஸ்:
வணக்கம் மக்களே. பழைய இங்கிலீஷ் காமெடி படங்களுக்கு சப்டைட்டில் எழுதறது என்னோட பொழுதுபோக்கு. இப்போ கைல இருக்கறது 1994ல வந்த இட்ஸ் பேட் (It's Pat), சாட்டர்டே நைட் லைவ்ங்கற அமெரிக்க டிவி காமெடி ஷோல ஜூலியா ஸ்வீனி பண்ணிட்டிருந்த பேட்ங்கற கேரக்டரை வச்சு எடுத்தது. பேட் ஆணா பொண்ணான்னு யாருக்கும் தெரியாது, பேட்டைக் கட்டிக்கப்போற கிறிஸ்ஸும் ஆணா பொண்ணான்னு தெரியாத ஆள்தான், பக்கத்து வீட்டு கைல் இதைக் கண்டுபிடிக்கப் போயி பித்துப் பிடிச்ச மாதிரி ஆயிடுவான். ஹீயா ஷீயான்னு ஆளாளுக்கு திணறறதுதான் சிரிப்பே. தமிழ்ல "அவங்க வந்தாங்க"ன்னு போட்டா அந்தத் திணறலே இல்லாம போயிடுது. அவன், அவள்னு மாத்தி மாத்திப் போட்டா நானே பேட்டை கேலி பண்ற மாதிரி இருக்கு. ஃப்ரெண்டு ஒருத்தர் "அது"ன்னு போடச் சொல்றாரு. என்ன பண்ணலாம்?

தேன்மொழி:
"அது" வேண்டவே வேண்டாம் ப்ரோ, தயவுசெஞ்சு. நான் பொண்ணு, காலேஜ்ல இருந்தே பாய் கட், சட்டை, பேன்ட்தான். போன மாசம் பஸ்ல கண்டக்டர் "தம்பி உள்ள போ"ன்னாரு, நான் வாயத் திறந்து ஸ்டாப் பேரு சொன்னதும் குரலைக் கேட்டு அவர் கை அப்படியே நின்னுச்சு, காசு டிக்கெட்டா மகளிர் ஃப்ரீ டிக்கெட்டான்னு. அவர் மேல எனக்கு கோவமே இல்ல, "ஸாரிம்மா"ன்னு சொல்லி குடுத்துட்டாரு. ஆனா பின் சீட்ல ஒருத்தன் "அது என்னன்னு கேளுங்கண்ணே"ன்னான். முன்னப்பின்ன தெரியாதவங்களைக்கூட அவருன்னு சொல்ற ஊர்ல எனக்கு மட்டும் அது. ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடந்துட்டேன். திரையில அந்த வார்த்தை வந்தா எனக்கு அந்த சீட்டுதான் ஞாபகம் வரும்.

வரதன்_மதுரை:
தேன்மொழி சொல்றது நூத்துக்கு நூறு சரி. முத்து, நீங்க தேடற திணறல் தமிழ்ல அவன் அவள்ல இல்ல, கூப்பிடற வார்த்தைல இருக்கு. இங்கிலீஷ்காரன் எதிர்ல நிக்கறவங்களை யூன்னு சொல்லிட்டுப் போயிடலாம், நாம அண்ணே, அக்கா, சார், மேடம், தம்பி, பாப்பான்னு ஒண்ணு சொல்லாம கடைல ஒரு சோப்புகூட விக்க மாட்டோம். அதனால பேட்டை நேரா கூப்பிடற இடத்துல எல்லாம் "வாங்க அண்... அக்... வாங்க வாங்க"ன்னு போடுங்க. பின்னாடி பேசிக்கறப்ப வினையை மாத்துங்க, "வந்தாச்சு, கிளம்பியாச்சு, சாப்பிட்டாச்சா"ன்னு. நீயா நீங்களான்னு புரியாத சொந்தக்காரங்ககிட்ட நாம இப்படித்தானே தப்பிக்கிறோம்! படத்து பேருக்கே "பேட் வந்தாச்சு" அழகா உக்காரும்.

இன்னொண்ணு, டிவி ஸ்கெட்ச்ல கிராம்ப்ஸ்னு (மாதவிடாய் வயித்து வலியும் கிராம்ப்ஸ்தான், தசை பிடிப்பும் கிராம்ப்ஸ்தான்) பேட் சொன்னதும் எதிர்ல இருக்கறவர் ஆஹா மாட்டிக்கிச்சு, பொண்ணுதான்னு நினைப்பாரு, அப்புறம் பார்த்தா சைக்கிள் மிதிச்சு வந்த கால் வலி. இந்த மாதிரி இடத்துல வயித்து வலின்னு போட்டா கெட்டுது, "இழுத்துப் புடிக்குது"ன்னு மட்டும் விடுங்க, எங்கன்னு அடுத்த வரில வரட்டும்.

கண்ணம்மா_77:
பின்னணி கொஞ்சம். ஸ்வீனி முதல்ல தன்கூட வேலை பார்த்த ஒரு ஆளை மாதிரி ஆம்பளை வேஷம்தான் போட நினைச்சாங்களாம், அது எடுபடலன்னுதான் ரெண்டுங்கெட்டானா மாத்தினாங்க. படம் அமெரிக்கால 61 ஆயிரம் டாலர்கூட வசூல் பண்ணல. 2019ல வொர்க் இன் ப்ராக்ரஸ்னு ஒரு சீரியல் வந்துச்சு, அதுல கதையை எழுதி நடிச்ச ஆபி மெக்னனி, பேட்னாலதான் என் வாழ்க்கையே நாசமாச்சுன்னு சொல்லுவாங்க, யாருகிட்ட, ஸ்வீனிகிட்டயே! ஸ்வீனி அதுல ஸ்வீனியாவே நடிச்சாங்க. ஆபியை பேட் பேட்னு கூப்பிட்டு வதைச்ச வலி அது, தேன்மொழி பஸ் கதையைப் படிச்சதும் அதுதான் ஞாபகம் வந்துச்சு. அறுபது வயசுகிட்ட ஸ்வீனி தன்னோட கேரக்டரால நொந்தவங்க முன்னாடி வந்து உக்காந்தாங்களே, அது சின்ன விஷயம் இல்ல.

முத்து_சப்ஸ்:
எல்லாருக்கும் நன்றி. தேன்மொழி, "அது"வை இப்பவே எடுத்துட்டேன், ஃபைல்ல தேடினதுல ஏற்கனவே நாலு இடத்துல நான் போட்டிருந்தேன், மன்னிச்சிடுங்க. "வந்தாச்சு" பேரை எடுத்துக்கறேன் வரதண்ணே. கைல் கேரக்டர் மட்டும் அவன் அவள்னு மாத்தி மாத்தி பேசட்டும், குழப்பம் அவனோடதுதானே, பேட்டுக்கு ஒரு குழப்பமும் இல்லையே. முதல் 20 நிமிஷம் முடிச்சுட்டு போடறேன், தேன்மொழி நீங்க ஒரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க.

தேன்மொழி:
அனுப்புங்க, பார்க்கறேன்.