வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது ஹாரி பாட்டர் தேவையா?

கல்மண்டபத்தான்:
வடசென்னை வியாசர்பாடியில் ஒரு தெருப் படிப்பகத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாசிக்கிறார்கள். ஹாரி பாட்டர் முதல் பாகத்தைத் தமிழில் முடித்தாயிற்று, அடுத்து இரண்டாம் பாகம் என்று வியாசை டீச்சர் இங்கே எழுதியிருந்தார். வேண்டாம் என்பது என் கட்சி.

மந்திரம், சூனியம் என்று பதறுகிற ஆள் இல்லை நான். அம்புலிமாமா வேதாளத்தோடு வளர்ந்தவன். என் பிரச்சினை அந்தத் தொப்பி. ஹாரி போய்ச் சேர்கிற மந்திரப் பள்ளியில் பதினோரு வயதுப் பிள்ளையை முதல் ராத்திரியே மொத்தப் பள்ளிக்கும் எதிரில் ஸ்டூலில் உட்கார வைத்து, தலையில் ஒரு கந்தல் தொப்பியைக் கவிழ்த்து, நீ வீரன், நீ புத்திசாலி, நீ உழைப்பாளி, நீ தந்திரக்காரன் என்று நாலு இல்லமாகப் பிரிக்கிறார்கள். ஏழு வருஷத்துக்கு அதுதான் முத்திரை. நம் பிள்ளைகளும் அதே வயதில்தான் ஆறாம் வகுப்பில் போய் நிற்கிறார்கள். ஏ செக்‌ஷன் என்றால் படிக்கிற பையன், டி செக்‌ஷன் என்றால் தேறாத கேஸ். இதை ஒரு திருவிழா போல எழுதி வைத்திருக்கிற கதையை நாமே எதற்கு எடுத்துக் கொடுக்க வேண்டும்?

அப்புறம் பணம். அநாதைப் பையன், மாடிப்படிக்கு அடியில் உள்ள அலமாரியில் படுக்கிறான் என்று முதலில் கண்கலங்க வைக்கிறார்கள். ஐந்தாம் அத்தியாயத்துக்கு வந்தால் பாதாள வங்கியில் அவன் பெயரில் தங்கம் குவிந்து கிடக்கிறது. அவன் கூட்டாளி ரான் பையன்தான் பாவம். ஒரு அண்ணனின் பழைய அங்கி, இன்னொரு அண்ணனின் பழைய மந்திரக்கோல், மூன்றாவது அண்ணனின் கிழட்டு எலி. கதை அவனைப் பற்றி இருந்திருந்தால் நானே வாங்கிக் கொடுத்திருப்பேன்.

வியாசை டீச்சர்:
அண்ணா, அதே ஐந்தாம் அத்தியாயத்தில் தங்கம் கண்ணில் பட்டது, துணிக்கடை படவில்லையா? ஹாரி அங்கிக்கு அளவு கொடுக்கும்போது பக்கத்தில் ஒரு பையன் நிற்கிறான். டிராக்கோ மால்ஃபாய். பேச்சுவாக்கில் விசாரிக்கிறான். உன் அப்பா அம்மா நம்ம ஆட்கள்தானே, மந்திரக் குடும்பம்தானே என்கிறான். மற்றவர்களைப் பள்ளியில் சேர்க்கவே கூடாது என்கிறான். கடைசியில், உன் குடும்பப் பெயர் என்ன?

அந்த இடத்தில் வாசிப்பு நின்றுவிட்டது. எட்டாவது படிக்கிற ஒரு பெண், "எங்க அண்ணனையும் இன்டர்வியூல இப்படித்தான் மிஸ் கேட்டாங்க. எந்த ஏரியான்னு. வியாசர்பாடின்னதும் ஃபைலை மூடிட்டாங்க" என்றாள். பக்கத்தில் இருந்தவன், "பெரம்பூர்னு சொல்லியிருக்கணும், எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு" என்றான். அதற்குப் பிறகு அரை மணி நேரம் புத்தகத்தை யாரும் தொடவில்லை. இந்தப் பேச்சை நான் தனியாகக் கிளப்பியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

தொப்பிக்கும் வருகிறேன். அது ஹாரியைத் தந்திரக்காரர்களின் இல்லமான ஸ்லிதரினில் போடத்தான் பார்க்கிறது. அவன் வேண்டாம், வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சுகிறான். அது கேட்டுக்கொள்கிறது. எந்தப் பள்ளியில் பிள்ளையிடம் கேட்டு செக்‌ஷன் போடுகிறார்கள்?

பேசின்பிரிட்ஜ் பையன்:
தொப்பி கிடக்கட்டும் அக்கா, கடைசி அத்தியாயத்துக்கு வாங்க. வருஷக் கடைசியில் இல்லங்களுக்கான போட்டியில் ஸ்லிதரின் 472 பாயிண்ட், ஹாரியின் இல்லமான க்ரிஃபிண்டோர் 312. ஆறு வருஷமாகக் கோப்பை ஸ்லிதரினிடம். ஏழாவது தடவையும் அவர்கள்தான் என்று சாப்பாட்டுக் கூடம் முழுக்கப் பச்சையும் வெள்ளியுமாகத் தோரணம் கட்டியாகிவிட்டது. அப்போது தலைமையாசிரியர் டம்பிள்டோர் எழுந்து ரானுக்கு 50, அவர்கள் தோழி ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60 என்று க்ரிஃபிண்டோருக்கு அள்ளி விடுகிறார். சமன். அதே இல்லத்து நெவிலுக்கு 10. முடிந்தது கதை. கைதட்டியதும் தோரணமே நிறம் மாறிவிடுகிறது. எங்கள் ஏரியா ஃபுட்பாலில் விசில் ஊதின பிறகு கோல் எழுதுகிற ரெஃப்ரி வீடு போய்ச் சேர மாட்டார்.

கல்மண்டபத்தான்:
தம்பி, அதே கூடத்தில் ஸ்லிதரின் மேசையில் முதல் வருஷப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த பாவம் என்ன? தொப்பி அங்கே தள்ளியதுதான்.

லோகோ ரிட்டையர்டு:
அந்தப் பள்ளியில் பாயிண்ட் எப்போது நியாயமாக இருந்தது என்று கேட்கிறேன். டிராகன் குட்டியை ரகசியமாக அனுப்பி வைத்துவிட்டுத் திரும்பும்போது மாட்டுகிறார்கள். ராத்திரி வெளியே திரிந்ததற்கு ஆளுக்கு 50. ஹாரி, ஹெர்மயனி, நெவில் மூவருக்கும் சேர்த்து ஒரே ராத்திரியில் 150 போச்சு. ஸ்நேப் வாத்தியார் முகம் பிடிக்காவிட்டாலே பாயிண்டை வெட்டுவார். அதையெல்லாம் விட்டுவிட்டு டம்பிள்டோர் சட்டையை மட்டும் பிடிக்கிறீர்கள்.

எனக்கு முக்கியம் அந்தக் கடைசிப் பத்து. நெவில் என்ன செய்தான்? ராத்திரி வெளியே கிளம்புகிற சொந்தக் கூட்டாளிகளை வழிமறித்து, போகக் கூடாது என்று கையை ஓங்கி நின்றான். அவனைக் கட்டையாக விறைக்க வைத்துவிட்டுப் போனவள் ஹெர்மயனி, அவளுக்கு 50. பெரம்பூரில் சங்கத்தில் இருந்தவன் சொல்கிறேன், அதிகாரிக்கு எதிராகக் கோஷம் போட நூறு பேர் வருவான். தன் சங்கத்து ஆளைப் பார்த்து நீ செய்வது தப்பு என்று சொல்ல ஒருத்தன் வர மாட்டான். ஜெயிக்கிற பாயிண்டை அந்தப் பயந்தாங்கொள்ளிக்குக் கொடுத்ததுதான் எழுதினவரின் கெட்டிக்காரத்தனம்.

பேசின்பிரிட்ஜ் பையன்:
நெவிலுக்குப் பத்து வேண்டாம் என்று யார் சார் சொன்னது? ஹாரி மூன்று நாள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடக்கிறான். அந்த மூன்று நாளில் கொடுத்திருக்கலாமே. தோரணம் கட்டுகிற வரைக்கும் எதற்குக் காத்திருக்க வேண்டும்? அதுதான் என் கேள்வி. இதுவரை ஒருத்தரும் பதில் சொல்லவில்லை.

கல்மண்டபத்தான்:
மந்திரப் பள்ளிதான் வேண்டும் என்றால், ஹாரி வருவதற்கு 29 வருஷம் முன்னால், 1968-லேயே உர்சுலா லெ குயின் எழுதியிருக்கிறார். எர்த்ஸீ என்கிற தீவுக் கூட்டம், ரோக் தீவில் பள்ளி. நாயகன் கெட் ஆடு மேய்த்தவன், கொல்லன் மகன், நம்மைப் போல மாநிறம். வம்புக்காக மந்திரத்தை ஏவி ஒரு நிழலை அவிழ்த்து விடுகிறான், பிறகு அதோடுதான் அவன் போராட்டம். வெளியிலிருந்து வருகிற வில்லன் யாரும் இல்லை. கோப்பை கிடையாது, பாயிண்ட் கிடையாது.

வியாசை டீச்சர்:
பெண் பிள்ளைகளும் கிடையாது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ரோக் பள்ளியில் ஆண்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். பெண்களின் மந்திரம் என்றால் அந்தத் தீவுகளில் பழமொழி சொல்லிக் கேலி செய்கிறார்கள். எழுதியவரே அந்த உலகத்துக்குத் திரும்பி வந்து, 1990-இல் வந்த புத்தகத்தில் அதைக் கேள்வி கேட்டார். எனக்கும் லெ குயினைப் பிடிக்கும் அண்ணா. ஆனால் என் பாயில் உட்காருகிறவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

கல்மண்டபத்தான்:
சரி, ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். இரண்டாம் பாகத்தில் டாபி என்கிற வீட்டடிமைக் குள்ளன் வருவானே, அவனை என்ன செய்யப் போகிறீர்கள்? சம்பளம் இல்லை, உடுத்தப் பழைய தலையணை உறை, தப்பு செய்தால் தன்னைத் தானே அடித்துக்கொள்ள வேண்டும். ஹாரி அவன் ஒருவனை விடுவிக்கிறான். நாலாவது பாகத்தில் பார்த்தால் பள்ளிச் சமையலறையிலேயே நூறு பேருக்கு மேல் அதே நிலையில் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஹெர்மயனி சங்கம் வைத்தால் கூட்டாளிகளே சிரிக்கிறார்கள்.

லோகோ ரிட்டையர்டு:
அந்தச் சங்கக் கதைக்காகவாவது நாலு பாகமும் வாசியுங்கள் அம்மா.

வியாசை டீச்சர்:
டாபியை வைத்துத்தான் இரண்டாம் பாகத்தையே எடுத்தேன். வீட்டு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் என் பாயில் நிறையப் பேர். அவர்கள் டாபியைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, கோபப்படுகிறார்களா என்று எனக்குத் தெரிய வேண்டும். ஞாயிறு காலை பத்து மணி. கல்மண்டபம் அண்ணா, வந்து கெட் கதையையும் சொல்லுங்கள், பெண்களுக்கு ஏன் இடமில்லை என்று அவர்கள் கேட்டால் பதிலோடு வாருங்கள்.