அம்மாவுக்கு நிற்காத வயிற்றுப்போக்கு: மல நுண்ணுயிர் செலுத்தும் சிகிச்சை எடுத்தவர்கள் உண்டா?

வணக்கம். பல் சீழுக்குக் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டதிலிருந்து அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா. குடலில் வழக்கமாக இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்கில் அழிந்ததால் இந்தக் கிருமி பெருகிவிட்டதாம். வான்கோமைசின் கொடுத்தார்கள், நின்றது, மருந்து முடிந்ததும் திரும்பிவிட்டது. ரசம் சாதம்கூடத் தங்கவில்லை, கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடக்கிறார்.

ஆரோக்கியமானவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சையை டாக்டர் சொல்கிறார். 2013இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 16 பேரில் 13 பேருக்கு முதல் தடவையிலேயே குணமாகியிருக்கிறது. அம்மா முகம் சுளிக்கிறார். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

(வீட்டில் இதே நோயாளி இருந்தால், சானிடைசர் போதாது, சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள். இந்தக் கிருமியின் வித்துகள் (உறைக்குள் உறங்கும் வடிவம்) சானிடைசரில் சாகாது.)

சென்னை, வேலூர் பக்கம் யாராவது செய்துகொண்டீர்களா? வீட்டு ஆளே மலம் கொடுக்கலாமா, அவருக்கு என்னென்ன பரிசோதனை, செலவு எவ்வளவு? தயவுசெய்து சொல்லுங்கள்.